பொறி குறைந்தால்

இந்த வருடம் எம்ஓடி சோதனையில் என் கார் தேறவில்லை. இங்கிலாந்தில் மூன்று வயது தாண்டிய கார்கள் வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனைக்குப் போயாக வேண்டும். பிரேக், டயர், விளக்கு, அடிப்பக்கத் துரு என்று எல்லாவற்றிலும் தப்பித்துவிட்டது. கடைசியில் சைலென்சருக்குள் குழலைச் செருகிப் புகையைப் பார்த்தபோதுதான் மாட்டிக்கொண்டது. எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்து வைத்து அளக்கும்போது ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 200 பங்குக்கு, மேல் போகக் கூடாது. என் வண்டி 386 காட்டியது. ஹைட்ரோகார்பன் என்றால் வேறொன்றும் இல்லை, எரியாமல் வெளியே வருகிற பெட்ரோல்தான்.

எனக்கு அது அதிர்ச்சியாக இல்லை. மூன்று வாரமாகவே வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். இரண்டாவது கியரில் மிதித்தால் மூக்கடைத்தவன் மூச்சு வாங்குவது போல ஒரு திணறல், அப்புறம் ஒரு உதறல், அப்புறம்தான் பிக்கப். பெட்ரோல் பங்க்கில் சூடாக நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றும். ஒருநாள் மேட்டில் ஏறும்போது எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் ஒரு அர்த்தம், மினுக்கினால் வேறு அர்த்தம். மினுக்கினால் இந்த நிமிடமே மிஸ்ஃபயர் நடக்கிறது, அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போகிறது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பாழாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே காலை எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். வீட்டுக்கு வந்து, எஞ்சினின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ரீடரை மாட்டிப் பார்த்தால் பி0302. இரண்டாவது அறையில் மிஸ்ஃபயர்.

அறை என்று சொல்கிறேனே தவிர சிலிண்டர் என்று சொல்லவில்லை. வண்டி 2007ஆம் வருடத்து மாஸ்டா ஆர்எக்ஸ்-8. இதில் சிலிண்டரும் கிடையாது, பிஸ்டனும் கிடையாது. முட்டை வடிவக் கூட்டின் இடுப்பைக் கொஞ்சம் பிடித்து அமுக்கியது போன்ற ஒரு அறைக்குள், பக்கங்கள் வளைந்த முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றுகிறது. அப்படி இரண்டு அறை, இரண்டு ரோட்டர். ஒவ்வொன்றும் 654 சிசி. மொத்தம் 1308 சிசிதான். நம் ஊரில் ஒரு சின்னக் குடும்பக் காருக்கு இருக்கும் கொள்ளளவு. அதை வைத்துக்கொண்டு ஆறு கியர் மாடல் நிமிடத்துக்கு 9,000 சுற்றுப் பக்கம் ஏறுகிறது, 231 குதிரைத்திறன் கொடுக்கிறது. அந்த ஏற்றத்தில் அதிர்வே இருக்காது. தையல் மெஷின் வேகம் பிடிப்பது போல ஒரே இழையாகப் போகும். அதற்காகத்தான் இதை வாங்கினேன். நான்கு வருடம் ஆகியும் அந்த ஆசை குறையவில்லை.

இந்த எஞ்சினுக்குப் பொறி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லாமல் பிளக் மாற்றிய கதைக்குப் போக முடியாது.

சாதாரண எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் ஒரு வட்டமான இடத்தில் அமுங்கியிருக்கும். நடுவில் ஒரு பொறி விழுந்தால் போதும், நாலா பக்கமும் பற்றிக்கொள்ளும். ரோட்டரி எஞ்சினில் அந்த இடம் வாழைப்பழத் தோலைப் போல நீளமாக, ஒல்லியாக, வளைந்து இருக்கிறது. போதாததற்கு அது நகர்ந்துகொண்டும் இருக்கிறது. ஒரு மூலையில் வைத்த நெருப்பு இன்னொரு மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஆகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெயிலிங். வேலையில் பெரும்பங்கு கீழ்ப் பிளக்குடையது. மேல் பிளக் மிச்சத்தைப் பற்றவைக்கிறது. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டா 787பி காரில் நான்கு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிளக். ஆக ஒரு எஞ்சினுக்குப் பன்னிரண்டு. பந்தயத்துக்குக் கட்டியவர்களே மூன்றாவது பிளக் தேவை என்று நினைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக்குக்கு மின்சாரத்தை ஏற்றித் தரும் காயிலின் பாடு இன்னும் கஷ்டம். நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு சிலிண்டருக்கு ஒரு பொறி. ரோட்டரியில் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு அறையிலும் பொறி. 6,000 சுற்றில் போகும்போது பிஸ்டன் வண்டியின் காயில் நொடிக்கு 50 பொறி போட்டால், இந்தக் காயில் 100 போட வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் பேட்டரியின் 12 வோல்ட்டை உள்வாங்கி, பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி, ஒரே எட்டில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டவைக்க வேண்டும். அதுவும் சூடான எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு. உள்ளே கம்பிச் சுருளைக் காக்கும் பூச்சு அந்தச் சூட்டில் மெல்ல மெல்லத் தளர்கிறது. காயில் ஒரே நாளில் சாகாது. பொறி கொஞ்சம் கொஞ்சமாக வலுக் குறைந்துகொண்டே வரும், ஓட்டுகிறவருக்கு அது பழகிப்போய்விடும். ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் முப்பதாயிரம் மைலுக்கு ஒருமுறை நான்கு காயிலையும் மாற்றிவிடு என்று சொல்வது இதனால்தான். நான் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டிருந்தேன். அது முழுக்க என் தவறு.

தள்ளிப்போட்டால் சும்மா போகாது. எரியாத பெட்ரோல் நேரே கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்கிறது. புகை வெளியேற வழியில்லாமல் சூடு எஞ்சினுக்கே திரும்புகிறது. அந்தச் சூட்டில் முதலில் அடிபடுவது ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல். அது போனால் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், போயிற்று, எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக் கூரை ஓட்டையைப் பார்ப்பது போல மிஸ்ஃபயரைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று நான் நண்பர்களிடம் சொல்வது இதை நினைத்துத்தான்.

சரி, சாமான் வாங்கும் கதை. நான்கு பிளக், நான்கு காயில், நான்கு ஒயர். மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிழைக் குறியீடு இரண்டாவது அறையைக் காட்டுகிறது, அதனால் அந்த ஒரு காயிலை மட்டும் மாற்றலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நான்கும் ஒரே சூட்டில், ஒரே கணக்கில் உழைத்தவை. ஒன்று போனால் மற்ற மூன்றும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். பிளக் நான்கும் ஒரே ரகம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜிகே என்ற பிளக் கம்பெனியில் கீழே போடுவது ஆர்இ7சி-எல், மேலே போடுவது ஆர்இ9பி-டி. என்ஜிகே கணக்கில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்த ரகம், அதாவது சூட்டை வேகமாக வெளியே கடத்துவது. மேல் பிளக்கின் துவாரம் கீழ்த் துவாரத்தைவிட மிகச் சின்னது. சீல் அதன்மேல் வழுக்கிப் போகிற கணத்தில் இந்தப் பக்கத்து அழுத்தம் அந்தப் பக்கம் கசியக் கூடாது என்பதற்காக அப்படி. பெயரின் கடைசியில் 'எல்' என்றால் லீடிங், 'டி' என்றால் ட்ரெயிலிங். டி என்றால் டாப் என்று மனதில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

ரொம்ப மலிவாகக் கிடைக்கும் காயில் பக்கம் நான் போவதில்லை. பிளக்கிலும் போலி நிறைய உலாவுகிறது. தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். முந்தின இரவே வண்டியை நிறுத்திவிட்டதால் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தது. பிளக் உட்காரும் இடம் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை பெயர்ந்து வந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். இடது முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை எடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கையை உள்ளே விடாதீர்கள். பிஸ்டன் வண்டியில் பிளக் மாற்ற பானட்டைத் திறப்பார்கள். இந்த வண்டியில் சக்கரத்தைக் கழற்றி, சஸ்பென்ஷன் கைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே வரிசையாக நான்கு ரப்பர்த் தொப்பிகள் தெரியும். மேலே இரண்டு, கீழே இரண்டு.

முதல் வேலை பெயர் எழுதி ஒட்டுவது. மாஸ்கிங் டேப்பில் '1 மேல்', '1 கீழ்', '2 மேல்', '2 கீழ்' என்று எழுதி ஒயருக்கு ஒன்றாகச் சுற்றினேன். முன்னால் இருக்கும் ரோட்டர் ஒன்று, பின்னால் இருப்பது இரண்டு. ஒயர் இடம் மாறினால் பொறி தப்பான நேரத்தில் விழும், எஞ்சினுக்கு அது அடி. இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

அப்புறம் சைக்கிள் பம்ப்பை எடுத்து ஒவ்வொரு பிளக்கைச் சுற்றியும் காற்றடித்தேன். சக்கரம் வாரியடித்த மணலும் உப்பும் அந்தக் குழிகளில் தங்கியிருக்கும். இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். பிளக்கைக் கழற்றியதும் ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் அது ரோட்டரோடு சுற்றி அறைச் சுவரைக் கீறிவிடும்.

21 மிமீ பிளக் சாக்கெட், ஆறு அங்குல எக்ஸ்டென்ஷன், ராட்செட். மேல் பிளக் இரண்டும் ஒரு உதறலில் கழன்றன. முன் அறையின் கீழ்ப் பிளக்கும் அப்படியே. பின் அறையின் கீழ்ப் பிளக் அசையவில்லை.

அதைக் கண்ணால் பார்க்க முடியாது. தோளைச் சக்கரக் குழிக்குள் கொடுத்து, கன்னத்தைப் பிரேக் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்து, விரல் நுனியால் சாக்கெட் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்திருந்தால் பீங்கான் உடையும். முன்பு எப்போதோ யாரோ பலமாக முறுக்கி வைத்திருக்கிறார்கள். மரையோரத்தில் துரு கரைக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் விட்டுவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்து நீளமான கைப்பிடியை மாட்டி, உதறாமல், ஒரே சீராக அழுத்தம் கொடுத்தேன். கீச்சென்று ஒரு சத்தம். அரைக்கால் சுற்று நகர்ந்தது. உடனே மேலே இழுக்காமல் மறுபடி உள்பக்கம் கொஞ்சம் திருப்பி, மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. மரையில் இருக்கும் கரித்தூள் இப்படித்தான் நசுங்கி வழிவிடும். பத்து நிமிடம் ஆயிற்று. கையில் விழுந்தபோது அதன் மரை முழுசாக இருந்தது. அலுமினியம் துளிகூட ஒட்டியிருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான்கையும் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பட்டறையில் கொடுத்தால் புதுப் பிளக் போட்டு வண்டி வந்துவிடும், பழைய பிளக்கை யார் கண்ணிலும் காட்டமாட்டார்கள். ஆனால் எஞ்சின் தன் உடம்பைப் பற்றி எழுதி அனுப்பும் ஒரே கடிதம் அதுதான்.

பிளக்கைப் படிக்க நான் கற்றது கோவையில். கல்லூரி நாளில் யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டினேன். பெயரில் ஆர்எக்ஸ் இருப்பது தற்செயல்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரு நிஜமான உறவு உண்டு. இரண்டுமே எண்ணெயை எரிக்கிற வண்டிகள். அது டூ ஸ்ட்ரோக், 2டி ஆயில் இல்லாமல் ஓடாது. இதில் ஏபெக்ஸ் சீல் வழவழப்பாக ஓடுவதற்காக எஞ்சின் ஆயிலையே ஒரு சின்னப் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் விடுகிறது. ஆகவே இரண்டிலும் பிளக்கில் கரி பிடிக்கும். ஆர்எக்ஸ் 100இல் வண்டி மிஸ்ஸிங் அடித்தால் ரோட்டோரத்தில் நிறுத்தி, டூல்ஸ் பையிலிருந்து பிளக் ஸ்பானரை எடுத்துக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டிவிட்டுப் போவோம். எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருந்த அண்ணன் அப்படித் தேய்க்கும் முன்னால் பிளக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "தேய்க்கறதுக்கு முன்னாடி பாரு தம்பி, தேய்ச்சப்புறம் அது எதையும் சொல்லாது" என்பார். செங்கல் நிறம் என்றால் எரிதல் சரி. ஈரமான கருப்பு என்றால் பொறி போதவில்லை அல்லது எண்ணெய் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் சூடு அதிகம்.

செய்தித்தாளில் இருந்த நான்கில், முன் அறையின் இரண்டும் காய்ந்த பழுப்பு. நல்ல சேதி. பின் அறையின் மேல் பிளக் கொஞ்சம் கருத்திருந்தது. பின் அறையின் கீழ்ப் பிளக் கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பச்சைப் பெட்ரோல் வாசனை. ஓபிடி சொன்ன அதே இரண்டாவது அறை. பெரும்பங்கு வேலை செய்ய வேண்டிய பிளக்கே நனைந்து கிடந்திருக்கிறது. அதற்குப் போகும் காயிலைக் கழற்றிப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் முடியளவு மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. விரலுக்குத் தட்டுப்படாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்.

புதுப் பிளக்கை உள்ளே விடும்போது ராட்செட்டைத் தொடவே கூடாது. சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் விரலால் சுற்ற வேண்டும். "கையால மூணு சுத்து லேசா போகலன்னா நிறுத்து, வெளிய எடு, திரும்ப வை" என்பதும் அதே அண்ணனுடைய பாடம்தான். அலுமினியத்தில் மரை சாய்ந்து ஏறிவிட்டால் அதைச் சரிசெய்வது பெரிய செலவு. மூன்று பிளக் வெண்ணெய் போலப் போயின. பின் கீழ்ப் பிளக் இரண்டு முறை முரண்டு பிடித்தது, இரண்டு முறையும் வெளியே எடுத்தேன். மூன்றாவது முறை மரை தானாக வழியைக் கண்டுபிடித்தது. வாஷர் உட்கார்ந்த பிறகு பட்டறைக் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சை வைத்து முறுக்கினேன். 'க்ளிக்' என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னொரு கொசுறு முறுக்கு கொடுக்கும் பழக்கம்தான் அடுத்தமுறை கழற்றுகிறவரை அழவைக்கிறது. புதுப் பிளக்கின் நுனி இரிடியம். இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று அதில் எதையும் விட்டு நெம்பாதீர்கள்.

காயில் மாற்றுவது இதற்குப் பிறகு சின்ன வேலை. மேல் மூடியை எடுத்தால் நான்கும் ஒரு பிராக்கெட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு வருடக்கணக்கான சூட்டில் அப்பளம் போல ஆகியிருக்கும், அதனால் திருப்புளியால் நெம்பாமல் விரலால் அமுக்கி எடுத்தேன். ஒரு காயிலைக் கழற்றி அந்த இடத்தில் புதியதைப் போட்டு, அதன் ஒயரையும் மாட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டேன். ரப்பர்த் தொப்பிக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் பட்டாணி அளவு. ஒயர் உள்ளே போய் உட்காரும்போது ஒரு சின்ன 'டக்' கேட்கும். கேட்கவில்லை என்றால் உட்காரவில்லை.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் உடனே பிடித்துக்கொண்டது. சைலென்சரில் வெண்புகை ஒரு நிமிடம் வந்து அடங்கியது. மரையில் விட்ட எண்ணெய் எரிவதுதான். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வேலை முடிந்தது, ஸ்டார்ட் ஆகிவிட்டது என்ற சந்தோஷத்தில் பத்து நொடியில் அணைத்துவிடாதீர்கள். குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்தினால் அதிகப்படி பெட்ரோல் அறைக்குள் தேங்கிப் பிளக்கை நனைத்துவிடும். நம் ஊர்ப் பட்டறை மொழியில் ஓவர்ஃப்ளோ. காரை வீட்டு வாசலில் இரண்டடி நகர்த்தி நிறுத்திவிட்டு, மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தவித்தவர்கள் ஏராளம். அப்படி ஆகிவிட்டால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பெட்ரோல் வருவது நின்று, உள்ளே இருப்பது வெளியே போய்விடும். நான் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரும்வரை ஓடவிட்டேன். ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நடுக்கம் இல்லை.

புதுக் காயில் தேய்ந்த சீலைச் சரிசெய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டிங் டிரபுள் கம்ப்ரஷன் குறைவாலும் வரலாம், அதை ரோட்டரிக்கென்றே இருக்கும் மீட்டரில்தான் அளக்க முடியும். அதனால் சூடான ஸ்டார்ட் எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை எனக்கு நிம்மதி வரவில்லை.

ஓபிடி ரீடரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, திங்கட்கிழமை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கி, அப்படியே மறுசோதனைக்குப் போனேன். பத்து வேலை நாளுக்குள் போனால் தோற்ற பகுதியை மட்டும் திரும்பப் பார்ப்பார்கள். ஹைட்ரோகார்பன் 41.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். எஞ்சின் கொதிக்கக் கொதிக்க இருந்தது. பெட்ரோல் போட்டு, ஒவ்வொரு முறையும் போடுவது போலக் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலையும் டாங்க்கில் ஊற்றி, எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்றுதான், பிடித்துவிட்டது. டேஷ்போர்டில் இருந்த 71,238 மைலைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அதற்குக் கீழே 1,01,000 என்று அடுத்த தடவைக்கான எண்ணையும் எழுதி வைத்தேன். பின் அறையின் கீழ்ப் பிளக்கை மட்டும் தூக்கிப்போடவில்லை. துடைக்காமல், அந்தக் கரியோடு, ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது.